காற்றுப் போன சைக்கிள்

கொழும்பில் இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சை முடிந்து, ஊரான முரசுமோட்டைக்குத் திரும்பிய புதிதில் கைத்தடியோடு நடந்தேன். வயலுக்குச் சைக்கிளில் போக ஆசை. ஆனால் எப்போது பார்த்தாலும் ரயரில் காற்றில்லை. வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினையில் என்னோடு கதைக்காத பக்கத்து வளவுக்காரரைத்தான் சந்தேகித்தேன்.

ஒருநாள் நானே காற்றடித்து, வழக்கம்போல் காலைப் பின்னால் வீசி ஏறினேன். இடுப்பு சுண்டியது; சைக்கிளோடு சரிந்தேன். ஓடிவந்து தாங்கியவர் அதே பக்கத்து வளவுக்காரர்.

"அப்ப காத்தை ஆர் திறந்துவிட்டது?" என்றேன்.

"நான்தான்," என்றாள் அவருக்குப் பின்னால் ஓடிவந்த மனைவி. "சைக்கிள் ஏற வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். நான் சொன்னால் கேப்பியளே?"

நல்லவேளை, மூட்டு விலகவில்லை. பிறகு வாய்க்கால் கரையில் நடந்து நடந்தே கால் பலப்பட்டது. இப்போது டொக்டர் சம்மதித்தபின், மனைவியின் லேடீஸ் சைக்கிளில் வயலுக்குப் போகிறேன். அதற்குக் காலை வீசத் தேவையில்லை. ஆனாலும் காற்றிருக்கிறதா என்று ரயரை அமத்திப் பார்க்காமல் ஏறுவதில்லை.