தோளில் தொங்கிய பெட்டி

வரதராஜன் சார், நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். படிக்கிற உங்களுக்கு இந்த வரதராஜன் யாரென்று தெரியாது. சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பனந்தாள் பக்கம். போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புது வகுப்பறை திறந்தார்கள். கட்டிக் கொடுத்தவர் வரதராஜன். ஒரு காலத்தில் எங்கள் வயல்களில் எண்ணெய் தேட வந்த கூட்டத்துக்கு அவர்தான் சூப்பர்வைசர். இப்போது சென்னையில் பெரிய மனிதர். மேடையில் நிற்க வைத்துத் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பின் அருமையை விளக்க அவர் ஒரு கதை சொன்னார்.

“இந்த ஊர்ல பக்கிரிசாமின்னு ஒருத்தன் எங்கிட்ட வேலை பார்த்தான். வெடிக்கிற சாமான், பெட்டியில வச்சுத் தோள்லதான் மாட்டிக்கிட்டுப் போகணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டோம். கேக்கல. கூடையில போட்டுத் தலையில தூக்கிட்டுப் போனான். கவனக்குறைவு. போய்ச் சேந்துட்டான். நாலு எழுத்து படிச்சிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்.”

கைதட்டினார்கள். எனக்கு இடது காது கேட்காது. ஏன் கேட்காது என்பதைப் பிறகு சொல்கிறேன். வலது காது நன்றாகக் கேட்டுத் தொலைத்தது. எழுந்து, “ஒரு நிமிஷம், நான் பேசணும்” என்று மேடைப் பக்கம் போனேன். தலைமையாசிரியர் குறுக்கே வந்து, “பெரியவரே, பந்தி போட்டாச்சு, சாப்பிட வாங்க” என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. சாப்பாட்டில் வடை இருந்தது என்றார்கள். நான் சாப்பிடவில்லை.

பக்கிரியின் மகள் தமிழ்ச்செல்வி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன் பேத்தி நடனம் ஆடுகிறாள் என்று வந்தவள், பேத்தி மேடை ஏறுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டாள்.

அவளைப் பார்க்க மறுநாள் மயிலாடுதுறைக்குப் போனேன். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று மீன் மார்க்கெட்டில் நுழைந்தேன். தட்டு நிறைய இறால், மீசையெல்லாம் ஈரமாக ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விற்கிற அம்மாள், “என்னண்ணே, எறாவ அப்படி மொறைக்கிறீங்க? அதுவே செத்துப்போயிக் கெடக்குது” என்றாள். பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் பக்கிரியும் வரதராஜனிடம் வேலை செய்த இடத்தில், வெடியைத் தூண்டிவிடும் டெட்டனேட்டருக்கு எறா என்றுதான் பெயர். பெயர் வைத்தவன் பக்கிரி.

சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு குழாய். ஒரு முனையிலிருந்து மீசை மாதிரி இரண்டு கம்பி. முதல் நாள் அதைப் பார்த்ததும், “அட, நம்ம எறா! எங்க சார் இதுக்குக் கண்ணு?” என்றான் பக்கிரி. வரதராஜன் சார்கூடச் சிரித்தார். அப்போது அவர் சின்ன வயசுக்காரர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். தமிழை அழகாகப் பேசுவார். எங்களுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

எண்ணெய் தேடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயலில் பைப்பை இறக்கி ஆழமாகத் துளை போடுவார்கள். அதற்குள் தோட்டாவை, அதாவது குச்சி குச்சியாக இருக்கும் வெடிமருந்தை, இறக்குவார்கள். தோட்டாவுக்குள் ஒரு எறாவைச் செருகி, மீசைக் கம்பி வழியாகக் கரண்டு கொடுத்தால் வெடிக்கும். பூமிக்குள் அதிர்வு போய்த் திரும்புவதை ஒரு வண்டிக்குள் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள். நாங்கள் என்னவோ வெடித்த உடனே எண்ணெய் பீய்ச்சி அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு முதல் வெடிக்குத் தள்ளித் தள்ளி நின்றோம். சேறுதான் பீய்ச்சியது. “சார், எண்ணெ வந்தா எங்களுக்குத் தலைக்குத் தேய்ச்சுக்கவாவது குடுப்பீங்களா?” என்று பக்கிரி கேட்டான்.

தோட்டாக் கூடை என் தலையில். கனிந்து கறுத்துப்போன வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை அதற்கு. அதைச் சுமந்தால் பொழுது சாய்வதற்குள் மண்டை பிளக்கும். இன்றைக்கும் பழக்கடையில் வாழைத்தார் அதிகம் கனிந்துவிட்டால் எனக்குத் தலை வலிக்கிறது. என் மனைவி அதை நடிப்பு என்கிறாள். கூடை எனக்கு, எறாப் பெட்டி பக்கிரிக்கு. இரண்டும் சேரவே கூடாது. அவன் முன்னால் போனால் நான் வெகு தூரம் பின்னால் போக வேண்டும். பேசிக்கொண்டு நடக்க முடியாது. கத்திக் கத்தித்தான் பேசுவோம்.

அந்த விதிகளை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வரதராஜன் சார்தான். பக்கிரியின் தோளில் தன் கையாலேயே மாட்டிவிட்டுச் சொன்னார். மரப்பெட்டி. உள்ளே மெத்தென்று தோல் தைத்திருக்கும். மீசை இரண்டையும் முறுக்கி வைத்திருக்க வேண்டும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும். வார் குறுக்காகத் தோளில் கிடக்க வேண்டும். வரப்பு வழுக்கும், இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் விழாமல் ஊன்றிக்கொள்ளலாம். தகர டப்பாவில் வைக்கக் கூடாது. இரும்போடு வைக்கக் கூடாது. இடி இடித்தால் வேலையை நிறுத்த வேண்டும். பீடியைக் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கவனிக்காத நாங்கள் இதை நன்றாகக் கவனித்தோம். உயிர் சமாச்சாரம் அல்லவா.

பக்கிரி அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி நடப்பான். ஏன் என்று எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் புரியும்.

எங்கள் தெரு ஆட்கள் பண்ணையார் வீடு இருக்கும் மேலத்தெருவில் நடந்தால் தோளில் எதுவும் இருக்கக் கூடாது. துண்டாக இருந்தால் இடுப்புக்கு இறங்க வேண்டும். மண்வெட்டியைக்கூடத் தோளில் சாய்த்துக்கொண்டு போக முடியாது, கையில் தொங்கவிட்டுக்கொண்டுதான் போக வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ஆட்சி மாறியிருந்தது. மேடைக்கு மேடை சுயமரியாதை பேசினார்கள். பண்ணையாரின் மகனே கரை வேட்டி கட்டிக்கொண்டு அந்த மேடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்தான். பக்கிரியின் மகளுக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்ததுகூட அப்படி ஒரு கூட்டத்துக்கு வந்த பேச்சாளர்தான். இன்னொரு பக்கம் செங்கொடி ஏறியது. அறுப்புக்குக் கூலி கேட்டு எங்கள் ஆட்கள் வயலில் இறங்கவில்லை. பண்ணை வெளியூர் ஆளை இறக்கியது. கைகலப்பு, கேஸ், கோர்ட். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய்விடும் என்று பண்ணை தன் நாய்க்குட்டியைத் தவிர எல்லார் பெயரிலும் பத்திரம் எழுதி வைத்திருந்தது. இவ்வளவும் நடந்தது. மேலத்தெருவில் துண்டு மட்டும் இடுப்பிலேயே இருந்தது.

அப்படிப்பட்ட தோளில்தான் வரதராஜன் சார் அந்த வாரை மாட்டினார். பக்கிரி என்னிடம் தூரத்திலிருந்து கத்துவான்: “டேய், கவர்மெண்டே சொல்லுதுடா, தோள்லதான் போடணும்னு! கையில புடிச்சா தப்பாம்! இடுப்புல கட்டுனாத் தப்பாம்!”

“சத்தம் போடாதடா, எறா முழிச்சுக்கப் போவுது” என்பேன் நான்.

ஐப்பசி மாதம் வேலை வாய்க்காலுக்கு அக்கரைக்குப் போனது. வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடியது. இறங்கிக் கடக்க முடியாது. மேலத்தெருக் கடைசியில் கல் மதகு ஒன்று உண்டு. அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும். முதல் நாள் பக்கிரி பெட்டியோடு தெருவுக்குள் நுழைந்தான். பண்ணையின் ஏஜெண்டு வாசலில் நின்றார்.

“யார்ரா அது? தோள்ல என்னடா தொங்குது?”

“எறாப் பொட்டிங்க.”

“எறாவா? கருவாடு விக்க வந்தியா? எறக்குடா கீழ.”

“எறக்கக் கூடாதுங்க. ரூலுங்க. வெடிச்சிரும்ங்க.”

“ஓகோ. தெருவுக்குள்ள வந்து வெடிச்சிரும்னு மெரட்டுறியா?”

அவர் வாரைப் பிடிக்கக் கையை நீட்டினார். பக்கிரி இரண்டடி பின்னால் போனான், பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. கையை ஓங்கவில்லை. அவர் கை பட்டு விழுந்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் அவன் முகத்தில் இருந்தது. அன்றைக்கு வேலை நின்றது. சாயங்காலம் பண்ணை வீட்டுக்கு வரதராஜன் சார் போய் வந்தார். அக்கரை வயல் பூராவும் பண்ணையுடையது. அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் இவர் வேலை படுத்துவிடும்.

மறுநாள் காலை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இதைத்தான் நான் மேடை ஏறிச் சொல்ல இருந்தேன்.

“பக்கிரி, அந்தத் தெருவத் தாண்டுற வரைக்கும் பொட்டி வேணாம். எறாவ எல்லாம் ஒரு டப்பாவுல போட்டுத் தோட்டாக் கூடையில வச்சுக்க. மேல சாக்கப் போட்டு மூடிக்க. யாருக்கும் தெரியாது. மதகு தாண்டுனதும் எடுத்துப் பொட்டியில போட்டு மாட்டிக்க.”

பக்கிரி கேட்டான், “ரெண்டும் சேரக் கூடாதுன்னீங்களே சார்?”

“நாலு எட்டுத்தானப்பா. பாத்துப் போ.”

“கையில புடிச்சுக்கிட்டுப் போறேன் சார். துணியில சுத்திக்கிறேன்.”

“நேத்து நடந்தது போதாதா? எனக்குப் பிரச்சினை வேணாம். சொன்னதச் செய்.”

கூடை ஒன்றுதான் என்பதால் சுமக்க ஒரு ஆள் போதும் என்று என்னைப் பைப்பு தூக்க அனுப்பினார். என் கூடை பக்கிரியின் தலைக்குப் போனது. எறாக்களுக்குக் கிடைத்தது பிஸ்கட் டப்பா, தகரம். பைப்பு இறுக்குகிற ரெஞ்சையும் யாரோ கூடையிலேயே போட்டிருந்தார்கள். அப்படியே பல நாள் போய் வந்தோம். ஏஜெண்டு வாசலில் நின்று வெறும் தோள்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கடைசி நாள் காலையில் தூறல். நான் பைப்போடு மதகைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டேன். பெட்டி எங்களோடுதான் வந்தது, காலியாக. பக்கிரி மதகில் ஏறினான். ஒரு கை கூடையைப் பிடித்திருந்தது. கல்லில் மாட்டுச் சாணியும் சேறும். “டேய், பொட்டியத் தொறந்து வை, வந்துட்டேன்” என்றான். அவன் கால் வழுக்கியதைப் பார்த்தேன். கூடை கல்லில் விழுந்ததைப் பார்த்தேன். எதில் எது இடித்ததென்று யாருக்கும் தெரியாது. நான் நாற்றங்காலுக்குள் கிடந்தேன். இடது பக்கம் உலகம் அடங்கிவிட்டது. மதகுக் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கிரியைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

போலீஸ் வந்து என்னை விசாரித்தது. தெரு, தோள், துண்டு, ஏஜெண்டு, சார் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டவர் பேனாவை வைத்துவிட்டு, “அதெல்லாம் கேசுக்கு வேணாம்பா. எப்படி விழுந்தான், அத மட்டும் சொல்லு” என்றார். இரங்கல் கூட்டத்தில் கரை வேட்டிக்காரர்கள் விபத்து என்றார்கள். பண்ணையார் மகன் மாலை போட்டான். வரதராஜன் சார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

இதெல்லாம் ஞாபகம் வந்துதான் இறால் வாங்காமல் வாழைப்பழமும் வாங்காமல் கொஞ்சம் பிஸ்கட் எடுத்துக்கொண்டு தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போனேன். பாக்கெட் பிஸ்கட்தான், டப்பா அல்ல. வாசலிலேயே கேட்டாள்.

“மாமா, எங்கப்பா சொல்பேச்சு கேக்காமத்தான் செத்தாரா?”

“கேட்டதாலதாம்மா செத்தான்” என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் சாவைப் பார்த்தவள், அழவில்லை. கடைசியில் சொன்னாள்:

“நீங்க எங்கிட்ட சொல்றீங்க மாமா. அவரு மைக்குல சொல்லிட்டாரே. எம் பேத்தி வந்து, ‘கொள்ளுத் தாத்தா படிக்காததால செத்துட்டாராமே’ன்னு கேக்குறா.”

நேற்று மேலத்தெரு வழியாக நடந்தேன். பண்ணை வீடு இல்லை. இடித்து மனை போட்டுவிட்டார்கள். ஏஜெண்டு நின்ற வாசலில் செல்போன் கடை இருக்கிறது. கல் மதகு போய் சிமெண்டுப் பாலம் வந்துவிட்டது. எங்கள் தெருப் பையன்கள் இரண்டு தோளிலும் பை மாட்டிக்கொண்டு மோட்டார் பைக்கில் பறக்கிறார்கள், திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை. நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். பாலத்துக்கு வந்ததும் என்னை அறியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். பின்னால் வந்த ஒரு பையன், “தாத்தா, நடங்க, நான் புடிச்சுக்கிறேன்” என்றான்.

எல்லாம் போய்விட்டது. பக்கிரியும் போய்விட்டான். சார், நீங்கள் மேடையில் வைத்த அந்த ஒரு வார்த்தை மட்டும் போகவில்லை. கவனக்குறைவு.

வரதராஜன் சார், ஆண்டு விழாவுக்கு மறுபடி வருவீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாங்க. அதே மேடை, அதே மைக். தமிழ்ச்செல்வியும் அவள் பேத்தியும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். ஊர் கேட்கிற மாதிரி ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: பக்கிரிசாமியின் தோளிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கச் சொன்னது யார்?