ஒரு தேங்காய் கூடுதல்

காலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு அந்தச் சின்ன வெள்ளை விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை. ஓடுதளத்தின் ஓரம் ஈரப்புல்லில் நின்றிருந்த எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. உள்ளே ஒரு தேங்காய் உருண்டு, விமானத்தைத் திருப்புகிற பிடியின் அடியில் சிக்கியிருக்கிறது. அதை வைத்தவன் நான்.

என் மகளும் அவள் தோழி ஷீபாவும் காரோடு ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, நான்கு வருடமாகக் கட்டிய விமானம் அது. சோதனை முடியும்வரை ஓட்டுகிறவளைத் தவிர வேறு ஆள் ஏறக்கூடாது; ஆனால் ஆள் ஏறினால் எப்படிப் பறக்கும் என்பதும் தெரிய வேண்டும். முதல் பயணி நான் என்பதால், என் எடைக்கு மணல் மூட்டை கட்டிப் பக்கத்து இருக்கையில் வைத்தார்கள். "அப்பாவுக்கு எத்தற கிலோ உண்டு? வயித்தையும் சேத்துச் சொல்லணும், கேட்டீங்களா?" என்று மகள் சிரித்தாள். வாரால் இறுக்கிக் கட்டாத ஒரு பேனாகூட உள்ளே இருக்கக் கூடாது என்று அவள் சொன்னதும் என் காதில் விழத்தான் செய்தது.

ஆனால் இருக்கையில் என்னைப்போலவே சாய்ந்திருந்த அந்த மூட்டையைப் பார்த்ததும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது. மஞ்சள்காமாலையிலிருந்து பிழைத்த மழைக்காலத்தில், அம்மா வேண்டிக்கொண்ட 'நேர்ச்சை'க்காக, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றில் என்னைத் 'துலாபாரத்' தட்டில் இருத்தினார்கள். சங்கிலியின் குளிர் விரல்களில் ஏற, எதிர்த்தட்டில் தேங்காய்கள் குவியக் குவிய, நார் வாசமும் விளக்குப் புகையும் கலந்து கண்ணைச் செருகியது. இரண்டு தட்டும் சமமாக வந்து தயங்கியபோது அப்பா சொன்னார்: "ஒப்பத்துக்கு ஒப்பம் போராது. பிள்ளைக்காக்கும், ஒண்ணு கூட வை." அந்த ஒரு தேங்காயில் நான் எழும்பினேன். மழையும் தூண்களும் அம்மாவின் முகமும் மெல்லக் கீழே இறங்கிப்போயின. இனி எனக்கு ஒன்றும் வராது என்ற நினைப்பு உறக்கம்போல வந்து மூடியது.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற நான், எல்லாம் சரிபார்த்துவிட்டு மகள் தலைக்கவசம் எடுக்கத் திரும்பிய நேரத்தில், மூட்டைக்கும் இருக்கைக்கும் நடுவே, அவளுக்காக ஒரு தேங்காயைக் கூடுதலாகச் செருகிவிட்டேன்.

"தேங்கா! பிடிக்க கீழ தேங்கா கெடக்கும், எடுக்கச் சொல்லு!" என்று சாய்ந்த விமானத்தைக் காட்டிக் கத்தினேன். ரேடியோவைப் பிடித்திருந்த ஷீபா, புத்தி பேதலித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "தேங்காயா மாமா?" பிறகு ரேடியோவில், "எடீ, பிடிக்க கீழ தேங்கா உண்டாம்! தமாசு இல்ல, குனிஞ்சு பாரு!"

விமானம் இன்னொரு வட்டம் சுற்றியது. பனைகளுக்கு மேலே, வெயில் பட்டு, கனவில் வருவதுபோல் அத்தனை அழகாக இருந்தது. அதற்குப் பிறகுதான் இறக்கை நிமிர்ந்தது.

என்னைத் துலாபாரத்தில் இருத்திய அந்தக் கோயிலில் இப்போது மின்னணுத் தராசு. ஏறி உட்கார்ந்தால் எண் வருகிறது, யாருடைய காலும் தரையை விடுவதில்லை.

தரையில் இரண்டு முறை குதித்து, விமானம் ஓடுதளத்தின் கோடியில் போய் நின்றது. அங்கிருந்து மகள் நடந்தே வந்தாள். "மக்கா, அது நான்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். வழக்கு பெறவு பேசலாம்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "இப்ப கொஞ்சம் என்னப் பிடிச்சுக்கிடுங்க அப்பா. காலு நிக்க மாட்டேங்குது."