இன்ஜின் மவுண்டில் பட்டி

இன்று காலை என் டிராக் காரை எடுக்க வள்ளியூர் ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். பழைய காரில் பெரிய இன்ஜினாக ஏற்றி, பின்பக்க சஸ்பென்ஷனையும் மாற்றித் தரச் சொல்லியிருந்தேன். ரேஸில் அதை ஓட்டப்போவது நான்.

வண்டி பளபளவென்று நின்றது. ஆனால் பின்னால் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது.

“ஏன் அண்ணாச்சி சாஞ்சு நிக்கு?”

“ஸ்பிரிங்கை அறுக்கும்போது இந்தப் பக்கம் ஒரு சுத்து கூடப் போயிட்டு, தங்கச்சி. ஓட ஓட சரியாயிரும்.”

அறுத்த ஸ்பிரிங் ஓட ஓட வளருமா?

சந்தேகம் வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினைத் தாங்கும் மவுண்டில் வெல்டிங் தடமே இல்லை. மழமழவென்று கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால், பெயின்ட்டோடு பட்டியும் பொலபொலவென்று உதிர்கிறது. கதவு நசுங்கினால் பூசுவார்களே, அதே பட்டி. உள்ளே நாலே நாலு பொட்டு வெல்டிங். அதிலும் ஒன்று விட்டிருந்தது.

அடியிலிருந்து வெளியே வந்தேன்.

“கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் பிச்சுக்கிட்டு என் கால் மேல வந்தா என்ன செய்ய, அண்ணாச்சி?”

“அடியில போயி யாரு பாக்கப் போறா? நீங்க என்னன்னா படுத்துல்லா பாக்கிய!”

மன்னிப்பு கேட்பார் என்று ஒரு நிமிடம் நின்ற என்னைச் சொல்ல வேண்டும்.

வண்டியைக் கிளப்பவே இல்லை. லாரி வரவழைத்து ஏற்றினேன். சங்கிலி கட்டும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

“தங்கச்சி, நெட்டுல நம்ம கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டு, நல்லதா ரெண்டு வரி எழுதிருங்க.”

எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயில் வருவதெல்லாம் கெட்ட வார்த்தையாக இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது நல்ல வார்த்தை வருகிறதா?