ராகேல் யாருடைய குரலில் பாடினாள்

என் மனைவி ராகேல் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேலை விற்றாள். உற்சவ மாதங்களில் கானமேளா மேடைகளில் பாடினாள். கானமேளா என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. அது இல்லாமல் இங்கே மலையாளக் கரையில் ஒரு திருவிழாவும் முடியாது. இந்த மழைக்காலத்தில் ராகேல் போய்விட்டாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய நோயைப் பற்றியே கேட்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அவள் நாடகத்தில் பாடிய கதையைக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன்.

கானமேளாவில் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. சென்னைப் பாடகியின் பாட்டு என்றால் சென்னைப் பாடகியாகவே ஆகிவிடுவாள். மும்பைக்காரி என்றால் அந்த மூச்சும் சிணுங்கலும் தானாக வந்துவிடும். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். சுரத்தை நேராகப் பிடிக்காமல் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு ஏறுவாள். வரி முடிகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் உடைத்து விடுவாள். அந்த உடைப்புக்குத்தான் விசில் பறக்கும். "அப்படியே ஒரிஜினல்" என்பார் குழுவை நடத்திய சஜி. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

ஒரு நாள் கரமனையிலிருந்து கிருஷ்ணவேணி கடைக்கு வந்தார். வங்கி அதிகாரி, அக்ரஹாரத்துப் பெண்மணி, ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழுவை நடத்திக்கொண்டிருந்தவர். நீலச் சேலை வேண்டும் என்று வந்தவரை ராகேல் பேசிப் பேசியே மாம்பழ மஞ்சள் வாங்க வைத்துவிட்டாள். பணம் கட்டும்போது கிருஷ்ணவேணி திரும்பிக் கேட்டாராம்:

"இந்த வாயை வெச்சுண்டு பாடவும் தெரியுமோ?"

"யாரு மாதிரி வேணும் சேச்சி? சொல்லுங்க, பாடுதேன்."

இப்படித்தான் அவள் நாடகத்துக்குப் போனாள். கதை எளிமையானது. கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் பெருமழை, பஸ் ஸ்டிரைக் வேறு. தன் நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டிய ஒரு நர்ஸும் அந்தச் சம்பந்தம் பிடிக்காத அவள் அப்பாவும் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். சண்டை, சமாதானம் எல்லாம் பாட்டிலேயே நடக்கும். நர்ஸ் வேடம் ராகேலுக்கு. அப்பா வேடம் மகாராஜா அண்ணாச்சிக்கு. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டட கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, இளம் வயதில் ஊர்க் கோயில் கொடை விழா நாடகங்களில் மைக் இல்லாமல் பாடியவர். வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவன் ஜிபின், விளம்பரங்களுக்கு இசையமைக்கிற பையன். முதல் ஒத்திகையில் ராகேல் அவனிடம் கேட்டாள்:

"இது யாரு பாடின பாட்டு?"

"யாரும் பாடினதில்ல சேச்சி. நான் புதுசா போட்டது."

"அது செரி. யாருக்க குரல்ல பாடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜிபினும் சிரித்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் நிஜமாகவே கேட்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "கேட்டியளா, இந்தப் பாட்ட எனக்கு முன்னால ஒருத்தியும் பாடல்ல. ஒருத்தியும்!" பயமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடியும் "ஒருத்தியும்" என்றாள். இத்தனை வருட மேடையில் அவளுக்கென்று ஒரு பாட்டு வந்தது அப்போதுதான்.

ஜிபின் தானே பாடிப் பதிவு செய்து போனில் அனுப்பினான். காதில் மாட்டிக்கொண்டு அவள் சமையலறையிலும் பஸ்ஸிலும் அதையே கேட்டாள். அடுத்த ஒத்திகையில் கண்ணை மூடிப் பாடினாள். பாட்டு முழுக்க மூக்கடைத்த குரல். 'மழை' என்பது 'பழை'யாக வந்தது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் தொண்டையைக் கூடச் செருமினாள்.

சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்திருந்த அஜிதா பதறிப்போய், "சேச்சிக்கு ஜலதோஷமா?" என்று கேட்டாள்.

ஜிபின் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, ஜலதோஷம் எனக்கு! ரெக்கார்ட் பண்ணுன அன்னைக்கு எனக்குப் பனிக்காய்ச்சல் சேச்சி!"

கிருஷ்ணவேணி நாற்காலியில் சரிந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டபின் சொன்னது வேடிக்கையாக இல்லை. "ராகேல், இது ஜிபினோட மூக்காக்கும். உன்னோட குரல் எங்கே? வர்ற ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன். இல்லைன்னா வேஷத்தை அஜிதாவுக்குக் குடுத்துடுவேன், கேட்டயா? சங்கடப்படக் கூடாது."

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு கூட்டமே குடியிருந்தது. காலையில் அஜிதா மாதிரி கீர்த்தனைக் குரலில் பாடினாள். சாயங்காலம் மகாராஜா அண்ணாச்சி மாதிரி நெஞ்சைத் தூக்கிக்கொண்டு முழங்கினாள். பக்கத்து வீட்டு ஷீஜா ஓடி வந்து, "நேசமணி சேட்டனுக்கு எந்து பற்றி?" என்று, எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நான்தான் வலியில் அலறுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"நான் எப்பிடிப் பாடுவேன்னு எனக்கே தெரியல்ல" என்றாள் ராகேல். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் தட்டில் மீன் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை. நான் குடையோடு அவளைக் கூட்டி வரப் போய், அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் கன்னத்தில் சின்ன மைக்கை ஒட்டியிருந்தார்கள். அண்ணாச்சியோ மைக் வேண்டாம், அது தனக்கு அவமானம் என்று சொல்லிவிட்டார். திரும்பிப் போகலாம் என்று அப்பா பாடுவார், போக மாட்டேன் என்று மகள் பாட வேண்டும். ராகேல் மூன்று முறை பாடினாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ பாடினார்கள். மைக்கின் ஒலியைக் கூட்டினால் அண்ணாச்சியின் குரலும் அதில் புகுந்து காதைக் கிழித்தது. குறைத்தால் அவள் இருப்பதே தெரியவில்லை. கிருஷ்ணவேணி அஜிதாவின் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ராகேலும் பார்த்தாள்.

அண்ணாச்சிக்குத்தான் முதலில் பொறுமை போனது. "ஏம்மா, நிச்சயதார்த்தம் உனக்கா, ஊருக்கா? எத்தன பேரு வாரிய? ஒரு ஆளா வாம்மா!"

"அண்ணாச்சி போடுத சத்தத்துக்கு மாப்பிள வீட்டுல இங்க நடக்கியது எல்லாம் கேட்டிருக்கும். பின்ன நான் எதுக்கு அங்க போணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்குக் கோபம். அந்தக் கோபத்தோடேயே தன் வரியை எடுத்துப் பாடினார், மேடை கிடுகிடுத்தது. ராகேல் அவர் முடிப்பதற்குள், இடுப்பில் கை வைத்தபடி, விட்ட சண்டையை அப்படியே தொடர்ந்தாள்:

"பஸ் வரலன்னா நடப்பேன் அப்பா, குடைய மட்டும் குடுங்க போதும்."

அது பாட்டு வரிதான், சுரமும் சரியாக இருந்தது. ஆனால் கடையில் விலை பேசுகிறவளிடம் 'இதுக்கு மேல குறையாது அக்கா' என்று அவள் சொல்வது போலவே இருந்தது. கானமேளாவின் வழுக்கல் அதில் இருந்தது, மூச்சு இருந்தது. உடைப்பும் இருந்தது, ஆனால் விசில் வருகிற இடத்தில் இல்லை. 'அப்பா' என்ற சொல்லில் உடைந்தது. அவளே திகைத்துப்போய் நின்றாள்.

அண்ணாச்சி அடுத்த வரியைப் பாடவில்லை. "எம்மா, இன்னொருக்கா சொல்லு. நான் கத்துனதுல பாதி எனக்கே கேக்கல."

அவள் பாடினாள். இந்த முறை அவர் தன் வரியை அடக்கி, அவள் என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்தபடி பாடினார். அந்தப் பெரிய குரல் தரையோடு வந்தது. கிருஷ்ணவேணி எழுந்தே விட்டார்.

"அண்ணாச்சி மெதுவா பாடறார்! எல்லாரும் ஓடி வந்து பாருங்கோ!" பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "நேசமணி, அங்கே கேக்கறதா?"

"குடைன்னு அவ சொன்னது கேட்டது" என்றேன். குடையை நான் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அஜிதாதான் முதலில் கை தட்டினாள்.

அந்த வாரமே அண்ணாச்சி ஜிபினைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் அந்த மைக்க ஒண்ணு ஒட்டுடே. அவகிட்ட மெதுவாப் பேசணும்னா அது இல்லாம முடியாது" என்றார். கன்னத்தில் பிளாஸ்திரியோடு கண்ணாடியில் பார்த்து, ஷேவிங்கில் வெட்டுப்பட்டவன் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். ராகேலோ அவரிடமிருந்து ஒரு வித்தையைத் திருடியிருந்தாள். சொல்லை விழுங்காமல், கடைசி எழுத்து வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. குடை வரி வந்ததும் சிரிப்பு வெடித்தது. ஒத்திகையில் அது இல்லை. சிரிப்பு அடங்கும் வரை அவள் அந்தக் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவர் குடையைக் கொடுக்கிற இடத்தில் தாலாட்டுகிற மாதிரி பாடினார். பக்கத்தில் இருந்த யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். சஜி அங்கே நின்றுகொண்டிருந்தார், முகத்தில் கவலை.

"ராகேலே, பாட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"யாருக்க ஸ்டைல்னு பிடி கிட்டல. நானும் கடைசி வரைக்கும் நோக்கினேன். யாரு மாதிரியும் இல்ல."

ராகேல் முகம் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். "இன்னொருக்கா சொல்லுங்க அண்ணா."

"ஐயோ, குறையாட்டு சொல்லல்ல பிள்ள..."

"இல்ல, அப்பிடியே சொல்லுங்க. இவரும் கேக்கட்டு." என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

சஜி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாரு மாதிரியும் இல்லன்னுதான்..."

அதற்குள் அவள் அஜிதாவைக் கூப்பிட்டாள், ஜிபினைக் கூப்பிட்டாள், பாதி மீசை கழன்ற அண்ணாச்சியையும் கூப்பிட்டாள். "எல்லாரும் இங்க வாங்க, சஜி அண்ணன் ஒண்ணு சொல்லுதாரு!" பாவம், அத்தனை பேர் முன்னாலும் அவர் அதை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.