ஊகத்துக்குச் சிவப்பு

எனக்கு வரையத் தெரியும் என்பதில் ஒரு காலத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பேப்பரில் வரைவதில்லை. கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. சுவர், தூண், குழாய், தரைக்கு அடியில் ஓடும் கேபிள் வரை எல்லாம் உள்ளே இருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், உள்ளே நடந்தும் பார்க்கலாம். மாடல் என்று சொல்வோம். முத்தையாபுரத்தில் நாங்கள் குடிவந்த புதிதில், மாடலிங் வேலை என்று வாய்தவறிச் சொல்லி, பக்கத்து வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

மாடலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. டேப்பைப் பிடித்து அளந்து போட்ட சுவரும், குத்துமதிப்பாகப் போட்ட சுவரும் அதில் ஒரே மாதிரிதான் நிற்கும். மனிதர்களுக்குச் சந்தேகம் இருந்தால் பேச்சு இழுக்கும், தலையைச் சொறிவார்கள். மாடலுக்கு இழுக்கத் தெரியாது. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில்தான் சொல்லும்.

அதனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நேரில் அளந்தது சாம்பல் நிறம். பழைய டிராயிங்கைப் பார்த்துப் போட்டது மஞ்சள். இரண்டும் இல்லாமல் நாமாக ஊகித்தது சிவப்பு. சைட்டுக்குப் போகும் தாளிலும் அந்த நிறம் அப்படியே போகும். மஞ்சளையோ சிவப்பையோ கண்டால் அங்கே மெஷினை வைக்க மாட்டார்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாக முதலில் கையால் ஒரு குழி தோண்டிப் பார்ப்பார்கள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் ஏதோ விவரம் தெரியாமல் செய்துவிட்டதாக ஆகிவிடும்.

துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு பழைய சரக்குக் கோடவுனை நீட்டிக் கட்டும் வேலை வந்தது. வரைவது எங்கள் ஆபீஸ். கட்டுவது வேறொரு கான்ட்ராக்டர், அவரிடம் சைட் சூப்பர்வைசர் என் கணவர். இரண்டு பேரும் ஒரே வேலையில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. சைட்டில் தாளை விரிக்கும்போதெல்லாம், "இது எங்க வீட்டு டிராயிங்கு" என்று சொல்லிக்கொள்வாராம். அதைக் கேட்டு நான் ஆபீசில் தரையில் நடக்கவில்லை.

அந்தக் கோடவுனின் தரைக்கு அடியில் ஒரு பெரிய மின்சாரக் கேபிள் போனது. அதன் பழைய டிராயிங் ஒன்று கிடைத்தது. மடிப்பில் கிழிந்து, சரியாக நமக்கு வேண்டிய இடத்தில் ஒரு கை அகலத்துக்குக் காணோம். இந்தப் பக்கம் கேபிள் வருவது தெரிந்தது, அந்தப் பக்கம் போவது தெரிந்தது. நடுவில் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. நான் இரண்டு முனையையும் ஒரு நேர்க்கோட்டால் சேர்த்து, சிவப்பு அடித்து வைத்தேன். அதுவரை நான் செய்தது சரி.

மூன்று மாதம் கழித்து, கோடவுன்காரர்களுக்கு மாடலைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. எங்கள் சார் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "என்னம்மா, பில்டிங்குக்குக் காமாலையும் அம்மையும் சேந்து வந்த மாதிரி இருக்கு. பாக்கறவங்க பயந்துற மாட்டாங்களா? கலரை எடுத்துரு" என்றார். நானும் சிரித்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் ஒரே சாம்பல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து, திரும்ப நிறத்தைப் போடாமல், அதே மாடலிலிருந்து சைட்டுக்கான தாள்களை எடுத்து அனுப்பினேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி பொய். அந்தச் சுத்தமான தாள்கள் என் பெயரோடு என் கணவர் கைக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தாளில், மேற்குச் சுவரிலிருந்து கேபிள் 2247 மில்லிமீட்டர் என்று இருந்தது. கண்ணளவில் நான் இழுத்த கோட்டைக் கம்ப்யூட்டர் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து எழுதியிருந்தது. சுமார் ரெண்டே கால் மீட்டர் என்று இருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். 2247 என்பதை யார் சந்தேகப்படுவார்கள்? அவ்வளவு சுத்தமாக யாரும் ஊகிப்பதில்லையே.

மழைநீர் வடிகாலுக்குத் தரையை உடைக்கும் அன்று காலையில், நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். அவர் ஷூவைப் போட்டபடி கேட்டார்.

"ஏளா, அந்தக் கேபிளு நம்பலாம்லா? நாங்க உடைக்கது சுவத்துல இருந்து நாலு மீட்டருல."

"மில்லிமீட்டர் வரைக்கும் போட்டுக் குடுத்துருக்கேன். இன்னும் என்ன வேணும் ஒங்களுக்கு? நான் வந்து கையால தொட்டுக் காட்டணுமா?"

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். எனக்கு அப்போது நினைவு வந்ததா, வரவில்லையா? இரண்டு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏதோ ஒன்று உறுத்தியது. சட்னிக்கு உப்பு போட்டோமா என்கிற மாதிரி ஓர் உறுத்தல். எட்டே முக்கால் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேபிள் நாலு மீட்டரில்தான் போயிருந்தது. தரையைக் குத்தி உடைக்கும் பிரேக்கர் மெஷினைப் பிடித்தவர் ஒரு பெரியவர். சைட்டில் எல்லோருக்கும் அண்ணாச்சி. குலசேகரன்பட்டினத்திலிருந்து தினமும் வருகிறவர். மெஷின் கேபிளில் குத்தியதும் மின்சாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. பத்தடி தள்ளி நின்ற என் கணவர், தடுப்புப் பலகையால் அவரைத் தள்ளிவிட்டு இழுத்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார் அண்ணாச்சி. ஆறாம் நாள் இல்லை.

விசாரணை வைத்தார்கள். எங்கள் சார் தாளின் அடியைக் காட்டினார். அங்கே பொடி எழுத்தில், எல்லா அளவுகளையும் சைட்டில் சரிபார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று இருந்தது. அந்த வரி எங்கள் எல்லாத் தாளிலும் இருக்கும். கக்கூஸ் கதவு வரைந்த தாளிலும் இருக்கும். எல்லாவற்றையும் சந்தேகப்படு என்று எழுதினால் எதையும் சந்தேகப்படாதே என்றுதான் படிப்பவனுக்கு அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துதானே நிறமே கொண்டுவந்தேன். ஆனால் அந்த அறையில் நான் வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் கையால் தோண்டிப் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். என் கணவருக்கு வேலை போனது. எனக்கு அடுத்த மாதம் வேறு மாடல் வந்தது.

வீட்டில் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "அந்தக் கோடு எங்க இருந்து எடுத்தது?"

"பழைய டிராயிங்லயே அப்படித்தாங்க இருந்துச்சு" என்றேன்.

அவர் நம்பினார். கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். நம்பிவிட்டு மிச்சப் பழியை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டார். "கீழ எழுதியிருக்குல்லா. நான் படிக்கலையே. ஒரு குழி தோண்டிப் பாக்க அரை மணி நேரம் ஆகியிருக்குமா? அண்ணாச்சிய நான்லா கொன்னுட்டேன்" என்பார். சாப்பிட உட்கார்ந்து, பிசைந்த சோற்றைப் பார்த்தபடி சொல்வார். நான் மோர் ஊற்றுவேன். அந்த மோர் ஊற்றிய கையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

இப்போது அவர் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறார். ஆணியை எண்ணிக் கொடுத்துவிட்டு, பையைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை எண்ணுவாராம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குலசேகரன்பட்டினம் போய், அண்ணாச்சியின் மனைவியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். அங்கே என்ன நடக்கிறது என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

போன மாதம் அப்படிக் கிளம்பும்போது சொன்னார். "நீயும் ஒரு நாளு வாயேன். பழைய டிராயிங்குலயே தப்பு இருந்துச்சுன்னு வரைஞ்சவ வாயால சொன்னா, மதினிக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்லா. நான் சொன்னா சாக்கு சொல்லுத மாதிரி இருக்கு."

என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார். என் பொய்யை நம்பி, அதை நானே வந்து இன்னொரு வீட்டில் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிழிந்த மடிப்பு, நான் இழுத்த கோடு, நான் எடுத்த நிறம், அதன் பிறகு நான் சொன்ன பொய்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். ஒரு அடி விழுந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையில் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இத என்கிட்ட சொல்லி இப்ப என்னளா ஆகப்போவுது? கெளம்பு" என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அவர் முன்னால் போய் நின்றுகொண்டார். திருச்செந்தூரில் கூட்டம் இறங்கிய பிறகும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி வீடு கடற்கரைக்குப் போகும் தெருவில், முன்பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்கடையோடு இருந்தது. என் கணவர் வாசலுக்குப் போகவில்லை. தெருவிலேயே, மின்கம்பத்துக்குப் பக்கத்தில், வெயிலில் போய் நின்றார். யோசிக்காமல் நேராக அங்கே போய் நின்றதைப் பார்த்தபோதுதான், மாதாமாதம் அவர் நிற்கும் இடம் அது என்று புரிந்தது. கடைக்குள் இருந்த அந்த அம்மா அவரைப் பார்க்காதது போல மிட்டாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆரு இது?" என்றார்.

"எங்க வீட்டுக்காரி, மதினி. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தையை எல்லாம் விட்டுவிட்டேன். மாடல், நிறம், தாள் என்று அவரிடம் என்னவென்று சொல்வது? "அந்த வயரு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. நானா ஒரு கோடு போட்டேன். ஊகம்னு அதுல எழுதியிருக்கணும். எழுதாம குடுத்துட்டேன்" என்றேன்.

அந்த அம்மா துணியைக் கீழே வைத்தார். "தெரியாதத தெரியும்னு சொன்னியா?"

"ஆமாக்கா."

"இவருகிட்டயுமா?"

"ஆமா. அன்னைக்குக் காலையில கேட்டாரு. நம்புங்கன்னு சொன்னேன். பொறவும் ரெண்டு வருஷமா மறைச்சிட்டேன்."

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. என் பக்கம் அதற்கு மேல் பார்க்கவே இல்லை. கடையை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தார். என் கணவர் முன்னால் போய் நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

"ரெண்டு வருஷமா ஒன்ன வெயில்ல நிக்க வச்சிட்டேனே, தம்பி. ஒரு நாளு ஏறி உக்காருன்னு சொல்லலியே. நீ கும்பிட்டுட்டுப் போவ, நான் காறித் துப்பிட்டு உள்ள போவேனே. ஒரு வாய்த் தண்ணி தரலியே, பாவி நான்."

அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிழலில் உட்கார வைத்தார். உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, நடுவில் நிறுத்தாமல், சட்டை எல்லாம் நனைய முழுவதையும் குடித்தார். நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் ஏறி வரச் சொல்லவில்லை.