பயில்வானுக்குப் பால் இல்லை

கோலாப்பூர் பால்மேடையில் எனக்கு நாலு எருமை. காலை ஐந்தரைக்குக் கொண்டுவந்து கட்டினால், வந்தவர்கள் கண் முன்னாலேயே கறந்து நுரையோடு சொம்பில் கொடுப்பேன். மடிச்சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் போவார்கள். ஞானு கவளி, அதாவது இந்தப் பால்காரன், தண்ணீர் கலந்தான் என்று எவனாவது சொல்லட்டும், அவன் வாயில் சாணியை அப்பிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். இருக்கட்டும்.

ஹிந்துராவ் பதினேழு வயதில் தாலீமுக்கு வந்தவர். மல்யுத்தக் கூடத்துக்கு இங்கே அதுதான் பேர். அன்றிலிருந்து அவருக்கு என்னிடம்தான் பால். பயில்வானுக்கு மேடையில் ஒரு மரியாதை உண்டு. வரிசையில் நிற்க வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டும் என்று நாங்கள் கேட்கக் கூடாது. அவராகக் கையைத் தூக்கிப் போதும் என்று காட்டும்வரை கறந்துகொண்டே இருக்க வேண்டும். ஹிந்துராவ் இரண்டு லிட்டர் முடியாமல் கையைத் தூக்கமாட்டார். அதற்கு மேல் தாலீமில் அரைத்த பாதாம், உருக்கிய நெய், ஞாயிறு வந்தால் ஒரு கிலோ ஆட்டுக்கறி. ஆயிரம் தண்டால், இரண்டாயிரம் பஸ்கி எடுக்கிற உடம்பு, போட்டதெல்லாம் எரிந்துபோனது. நூற்றிருபது கிலோ இருந்தார். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தோளிலிருந்தே தலை ஆரம்பிக்கும்.

முப்பத்தாறு வயதில் தோள்மூட்டு கழன்றது. கோதாவை விட்டு இறங்கினார். தண்டால் நின்றது, பஸ்கி நின்றது, பால் நிற்கவில்லை. எங்கள் ஊர்ப் பயில்வான்கள் எல்லாரும் பண்ணுகிற கோளாறு இது. குஸ்தியை விட்டுவிடுவார்கள், தீனியை விடமாட்டார்கள். கொஞ்சம் குறைத்தால் போதும், ஆள் முடிந்துவிட்டான் என்று ஊர் பேசும். ஊரும் சும்மா இருக்காது. பயில்வான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பாதிக் கோப்பை டீயோடு அனுப்ப யாருக்கும் மனசு வராது. நானும் அந்த ஊர்க்காரன்தானே.

ஐம்பத்தொன்றில் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதயக் குழாயில் இரண்டு அடைப்பு, உடம்பு முழுக்கச் சர்க்கரை. "இருபது வயசுக்காரன் சாப்பாட்டை இன்னும் ஒரு வருஷம் சாப்பிட்டீங்கன்னா, அப்புறம் உங்களுக்குச் சாப்பாடே தேவைப்படாது" என்றாராம் டாக்டர். ஹிந்துராவ் தலையை ஆட்டிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேடைக்கு வந்தார். நானும் ஒன்றும் தெரியாமல் இரண்டு லிட்டர் கறந்து கொடுத்தேன்.

மறுநாள் அவர் மனைவி ஹௌசாபாய் வந்தாள். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் விறுவிறுவென்று நடந்து என் எருமை முன்னால் வந்து நின்றாள்.

"ஞானு, எருமை வத்திப்போச்சுன்னு சொல்லிடு அவர்கிட்ட."

"நாலும் ஒரே நாள்ல வத்துமா அண்ணி? மடியைப் பார்த்தா தெரியாதா பயில்வானுக்கு? நான் பொய் சொல்லிப் பொழைக்கிறவன் இல்லை."

"அப்போ ஒண்ணு பண்ணு. உன் கையாலயே கறந்து குடுத்து அவரைக் கொன்னுடு. என் குங்குமத்தையும் நீயே வந்து அழிச்சுட்டுப் போ."

மேடையில் நாங்கள் பதினொரு பேர். எவனுக்கும் எவனோடும் பேச்சு கிடையாது. உன் கண்பட்டுத்தான் என் எருமை உதைக்கிறது என்று எப்போதும் சண்டை. அந்தப் பதினொரு பேரிடமும் அவள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பதினொரு பேரும் சரி என்றோம்.

அடுத்த நாள் காலையில் ஹிந்துராவ் வந்து, வழக்கம்போல வரிசையைத் தாண்டிக் கையை நீட்டினார்.

"இன்னிக்குப் பால் இல்லைங்க பயில்வான்" என்றேன். சொல்லும்போதே என் கை பக்கத்து ஆளின் சொம்பில் கறந்துகொண்டிருந்தது.

அவர் அந்தச் சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த ஆளிடம் போனார். அங்கேயும் இல்லை. அதற்கடுத்தவனிடமும் இல்லை. ஒவ்வொருவராகப் பதினொரு பேரிடமும் கேட்டார். கடைசியில் நின்ற பாபு கவளி, "சர்க்கரைக்காரங்களுக்கு அந்தப் பக்கம் டீக்கடை இருக்குது பயில்வான்!" என்றான். மேடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஹிந்துராவ் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் மேடைப் பக்கம் வரவில்லை.

வீட்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் முளைகட்டிய பயறு, மத்தியானம் ஒரு சோள பாக்ரி ரொட்டி, சுரைக்காய், ராத்திரி அரைப் பாக்ரி. தட்டில் விழுந்ததைத் தின்றார். கறி கேட்கவில்லை, வெள்ளை ரஸ்ஸா குழம்பு கேட்கவில்லை. பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் பூரண்போளி தட்டியபோதும் திண்ணமாக வேண்டாம் என்றுவிட்டார்.

"ஒரு நாள் உப்புப் போட மறந்துட்டேன் ஞானு" என்றாள் ஹௌசாபாய், சந்தையில் பார்த்தபோது. "நான் வாயில வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அவர் மொத்தத்தையும் தின்னுட்டுக் கையலம்பிட்டுப் போயிட்டார். கோபத்துல ஒரு தட்டையாவது வீசக் கூடாதா அந்த மனுஷன்?"

ஒன்றேகால் வருஷத்தில் எழுபத்தெட்டு கிலோவுக்கு வந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டர் அவர் முதுகைத் தட்டி, தன் மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினாராம், பாருங்கள் இவரை என்று. மாரை நிமிர்த்தி நடந்தவர் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார். பழைய சட்டை அவர்மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. தாலீம் இருக்கிற தெருவை விட்டுவிட்டுச் சுற்று வழியாகக் கடைக்குப் போனார்.

தை மாதம் மைதானத்தில் குஸ்திப் போட்டி நடந்தது. ஹௌசாபாய்தான் என்னை அனுப்பினாள். "நீ கூடப் போ. யாராவது எதையாவது வாயில திணிச்சுடுவாங்க" என்றாள். கொழுப்புக் கரைந்த உடம்புக்குக் காலைக் குளிர் தாங்கவில்லை. காதோடு சேர்த்து ஒரு மப்ளரைச் சுற்றிவிட்டாள்.

பழைய பயில்வான்களுக்குக் கோதாவை ஒட்டி மெத்தை போட்டிருப்பார்கள். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காவித் தலைப்பாகை கட்டுவார்கள். ஹிந்துராவ் கயிற்றைத் தூக்கி உள்ளே நுழையப் போனார். நெஞ்சில் பேட்ஜ் குத்திய ஆள் ஒருத்தன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"பெரியவரே, இது பயில்வானுங்க உக்கார்ற இடம். நீங்க அப்படிப் படிக்கட்டுப் பக்கம் போங்க."

அந்த மப்ளரை இறக்கியிருந்தால் போதும். நசுங்கி நசுங்கிக் கொழுக்கட்டை மாதிரி சுருண்ட காது அவருக்கு. எங்கள் ஊரில் அந்தக் காதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடக் காலைத் தொடும். அவர் இறக்கவில்லை. "சரிப்பா" என்று திரும்பினார். நான் இறக்கியிருக்கலாம். டேய், இது யார் தெரியுமாடா என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட்டால் மைதானமே திரும்பிப் பார்க்கும், இவரா அவர் என்று கேட்கும். அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது எனக்கு. அவருக்காகவா, என்னை நினைத்தா என்று இன்றுவரை தெரியவில்லை.

படிக்கட்டில் கூட்டத்தோடு உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில் பேர்கள் வந்தன. "ஹிந்துராவ் பயில்வான்! எங்கிருந்தாலும் கோதாவுக்கு வரவும்!" மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவர் முழங்காலில் கைவைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஆள் எங்கள் பக்கம் சாய்ந்து, "அவர் போன வருஷமே போயிட்டாருங்களே! இவங்களுக்கு அதுகூடத் தெரியலை பாருங்க. பால்மேடையிலகூட ஆளைக் காணோமே" என்றான்.

"அப்படியா?" என்றார் ஹிந்துராவ். "எதுல போனாராம்?"

"நெஞ்சுதான். தின்ன தீனி கொஞ்சமா?"

"ஆமா, ரொம்பத் தின்னார்" என்றார்.

குரலில் ஒன்றுமே இல்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கடைசிக் குஸ்திவரை பார்த்துவிட்டு நடந்தே திரும்பினோம். பாதி வழியில் நின்றார்.

"டாக்டர் இன்னும் முப்பது வருஷம் தாங்கும்னு சொல்றார், ஞானு."

"நல்ல விஷயம்தானே பயில்வான்."

"அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மறுபடி நடந்தோம்.

ஹௌசாபாய் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே போகும்வரை காத்திருந்து, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க யாரும் எதுவும் குடுத்துடலையே?"

"இல்லை அண்ணி" என்றேன். "யாரும் ஒண்ணும் குடுக்கலை."

"அப்பாடா" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.