அக்கா நிறுத்திய பக்கம்

என் அக்காள் புருஷனுக்குக் கார் சீட்டுக்கு உறை தைக்கிற வேலை. ரெக்சினைக் கண்ணால் அளந்தே வெட்டிவிடுவார். கதைப் புத்தகத்தை மட்டும் காதால்தான் படிப்பார். அவர் ஸ்பாஞ்சு வெட்டும்போது அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பாள். தளபதி, இளவரசி, படகில் தப்பும் காதல், இல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பெண் மாடிப்படி இறங்கித் தன் முப்பாட்டன் காலத்தில் போய் நிற்பது. எனக்கு இந்த ராஜா ராணி சமாச்சாரமே ஆகாது. ஆனால் அக்கா படித்தால், கடைக்கு வந்தவர்கள் வேலை முடிந்தும் போகாமல் நிற்பார்கள்.

அக்கா திடீரென்று இறந்துபோனாள். "வயித்துல வெறும் புண்ணுதான்னு சொன்னானே அந்த டாக்டர், நாசமாப் போக" என்று மாமா ஓயாமல் திட்டினார். பிறகு அதுவும் நின்றது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு காலி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்த வேலையெல்லாம் திரும்பிப் போயிற்று.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பாதியில நிறுத்தின கதை ஒண்ணு இருக்கும்மா. உங்க அக்கா அந்த எடத்துக்கே வந்து வந்து நிக்கிறா. என் காதுல கேக்குது. மேல போக மாட்டேங்குறா. நீ முடிச்சு விட்டுடு. அப்பவாவது என்னை வேலை செய்ய விடுவா."

ஸ்டூலில் உட்கார மனசு வராமல், நின்றபடியே அக்கா அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன்.

தளபதியின் சமாதியில் இளவரசி பூ வைக்கிறாள், வயிற்றில் பிள்ளை. அவள் வம்சத்தில் என்றோ பிறக்கப்போகும் பெண், காலம் தாண்டி வந்தவள், தள்ளி நின்று பார்க்கிறாள்.

"இரு இரு. சமாதியா? அவன்தான் பொழச்சிட்டானே! வைத்தியர் வந்து கட்டுப் போட்டு, குதிரை ஏறிப் போனானே!"

முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தளபதி செத்துத்தான் போயிருந்தான். வைத்தியர் என்று ஒரு ஆளே அந்தப் புத்தகத்தில் இல்லை.

மாமா அலமாரியிலிருந்த மற்ற கதைகளையும் எடுக்கச் சொன்னார்.

"அந்தப் படகுக்காரன்?"

"ஆத்தோட போயிட்டான் மாமா."

"சின்ன ராணி?"

"விஷம் குடிச்சிட்டா."

"கள்ளி! ஒருத்தரையும் சாக விடலையே! இத்தனை வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கா!" மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர் சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஆஸ்பத்திரியில என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டு அவ மட்டும்தான் டாக்டரைப் பார்த்தா." கத்தரியைக் கீழே வைத்தார். "வெளிய வந்து, அவர் சொன்னதுன்னு எல்லாத்தையும் நிறுத்தி நிதானமா சொன்னா. கதை படிக்கிற அதே குரல்ல."

பாவி, என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று அக்கா மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"மூடிடட்டுமா மாமா?"

"வேண்டாம். படி. உள்ளது உள்ளபடி படி."

படித்தேன். பிள்ளை பிறந்ததும் இளவரசிக்கு ஜுரம் காண்கிறது. அடுத்த வரி கண்ணில் பட்டதும் என் நாக்கு தானாகவே ஒரு வைத்தியரைத் தேடியது.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துட்டாளா?"

"ஆமா மாமா. செத்துட்டா."

தலையை ஆட்டினார். காலி ஸ்டூலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதான்னு போட்டிருக்கா?"